காக்ரேன் – மகேஷ்சந்திர பானர்ஜி ஆட்டம் (கல்கத்தா, 1855)

பதிவேட்டிலிருந்து மீண்டும் ஆடிப் பார்க்கத்தக்க பழைய இந்திய சதுரங்க ஆட்டங்களில் ஒன்று. வெள்ளைக் காய்களை ஆடிய ஜான் காக்ரேன், கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். கறுப்பை ஆடிய மகேஷ்சந்திர பானர்ஜி வங்கக் கிராமத்தைச் சேர்ந்தவர். சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டம் போகும் நாட்டு விதியில் பழகியவர். இருவரும் ஆடிய பல ஆட்டங்கள் எழுதி வைக்கப்பட்டதால்தான் இன்று பானர்ஜியின் திறமை தெரிகிறது.

இதில் அவர் கையாண்ட தொடக்கம், 1922இல் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் ஆடிக்காட்டி அவர் பெயராலேயே வழங்கும் தற்காப்பு. பானர்ஜி பெயரால் வழங்காதது வரலாற்றின் குறை என்றே சொல்ல வேண்டும்.

தோற்றவர் பானர்ஜி. மீட்டு ஆடுபவர் நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் 17ஆவது நகர்த்தல். ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை வெள்ளையின் ராணியும் குதிரையும் சேர்ந்து குறிவைத்திருக்க, வெள்ளையின் மந்திரியைக் கறுப்பு வெட்டுகிறது. குதிரை அந்தச் சிப்பாயை வீழ்த்துகிறது. கறுப்பு தன் குதிரையை ஓரத்துக்கு நகர்த்தி ராணியைத் தாக்குகிறது. அடுத்து குதிரை நகர, ராணியும் குதிரையும் ஒருசேர ‘செக்’ வைக்கின்றன. ராஜா மூலைக்கு ஒதுங்குகிறது. வெள்ளை தன் ராணியைப் பலி கொடுக்கிறது. அதை யானை வெட்டியே ஆக வேண்டும். சொந்தக் காய்களே வழி அடைத்து நிற்க, குதிரையிடம் ராஜா மாட்டிக்கொள்கிறது. பதிவை மூடிவைத்து, ஒவ்வொரு பதிலையும் தானே ஊகித்த பிறகு திறந்து பார்ப்பதே இதைப் படிக்கும் சிறந்த வழி.