பழைய கம்ப்யூட்டருக்கு ரேம் வாங்கப் போறீங்களா? காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே கம்ப்யூட்டர் திணறுகிறதா? பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கும் பலரின் புகார் இதுதான். கூடுதலாக ஒரு ரேம் போட்டால் பல நேரங்களில் இது சரியாகிவிடும். ஆனால், "8 ஜிபி ரேம் ஒண்ணு கொடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கினால், அது உங்கள் கம்ப்யூட்டரில் மாட்டக்கூட முடியாமல் போகலாம். எந்த ரேம் வேலை செய்யும் என்பதைத் தீர்மானிப்பது மதர்போர்டுதான்.

முதலில், ரேம்தான் பிரச்சனையா?

வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி'யைப் பாருங்கள். 90 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறது என்றால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். மெமரி பாதி காலியாக இருந்தும் 'டிஸ்க்' 100 சதவீதத்தில் ஓடினால், பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுவதுதான் தீர்வு. அங்கே ரேமுக்குச் செலவு செய்வது வீண்.

விண்டோஸ் 10-ல் இதே பக்கத்தில் மொத்தம் எத்தனை ரேம் ஸ்லாட், அதில் எத்தனை காலி என்பதும் தெரியும்.

டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4... உங்களுடையது எது?

ஒரு தலைமுறை ரேம் இன்னொரு தலைமுறை ஸ்லாட்டில் உட்காராது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள்தான். ஆனாலும், நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்4-க்கு 288 பின்கள். மின்னழுத்தமும் மாறும்: டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2. அதனால், பொருந்தாத ரேமை அழுத்தி மாட்டவே கூடாது.

பழைய ரேமின் ஸ்டிக்கரில் 'பிசி3' என்று இருந்தால் அது டிடிஆர்3. 'பிசி4' என்றால் டிடிஆர்4. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் 'சிபியு-இசட்' என்ற இலவச மென்பொருளே வகை, வேகம், மதர்போர்டு மாடல் எல்லாவற்றையும் காட்டிவிடும்.

எவ்வளவு வரை போடலாம்?

இதற்கும் வரம்பு உண்டு. நம் ஊரில் அதிகம் விற்ற இன்டெல் ஜி41 சிப்செட் போர்டுகள் 8 ஜிபி வரைதான் ஏற்கும். எச்61 போர்டுகள் 16 ஜிபி வரை ஏற்கும். டிடிஆர்3 வகை ஜி41 போர்டுக்கு 4 ஜிபி ரேம் வாங்கினால், இரண்டு பக்கமும் 8 வீதம் 16 சிப்கள் உள்ளதா என்று பாருங்கள். 8 சிப் மட்டும் உள்ள 4 ஜிபி ரேமை அது ஏற்காது.

விண்டோஸும் முக்கியம். 32-பிட் விண்டோஸ் என்றால், 8 ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது. 64-பிட்டுக்கு மாற வேண்டியிருக்கும்.

வேறு வேறு வேகம் கொண்ட இரண்டு ரேம்களைச் சேர்த்துப் போட்டால், குறைந்த வேகத்தில்தான் இரண்டும் ஓடும். ஒரே மாதிரி ஜோடியாகப் போடுவது நல்லது.

விலை ரொம்பக் குறைவா? உஷார்!

ஆன்லைனில் 'ஏஎம்டி மட்டும்' என்ற குறிப்போடு மலிவான டிடிஆர்3 ரேம்கள் கிடைக்கும். இன்டெல் போர்டில் இவை வேலை செய்யாது. சர்வர்களில் இருந்து கழற்றிய 'ரெஜிஸ்டர்ட் இசிசி' ரேம்களும் சாதாரண டெஸ்க்டாப்புக்கு ஆகாது. லேப்டாப் ரேம் அளவிலேயே சிறியது, டெஸ்க்டாப்பில் பொருந்தாது.

மாட்டுவது எப்படி?

* கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பவர் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள்.
* கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். தங்க நிற முனைகளில் விரல் படக்கூடாது.
* வெட்டுப் பகுதி பொருந்துகிறதா என்று பார்த்து, இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். 'கிளிக்' என்று கிளிப் பூட்டிக்கொள்ளும்.
* ஆன் செய்ததும் பீப் சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். மறுபடி ஆஃப் செய்து, ரேமைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

விண்டோஸ் 11 ஓடுமா?

செலவு செய்யும் முன் யோசிக்க வேண்டிய கேள்வி இது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம் இருந்தாலே போதும். ஆனால் டிபிஎம் 2.0 வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். டிடிஆர்3 காலத்து கம்ப்யூட்டரில் எவ்வளவு ரேம் சேர்த்தாலும் இந்தத் தகுதி வராது. பிள்ளைகளின் படிப்பு, டைப்பிங், வீடியோ போன்ற தேவைகளுக்கு லினக்ஸ் போட்டுப் பயன்படுத்துவது என்றால், அந்த ரேம் செலவு இன்னும் பலன் தரும். பேங்க் வேலைகளும் அலுவலக வேலைகளும் விண்டோஸில்தான் செய்ய வேண்டும் என்றால், அந்தப் பணத்தைப் புதிய கம்ப்யூட்டருக்குச் சேர்த்து வைக்கலாம்.

ரேம் வாங்குவது என்று முடிவெடுத்தால், பழைய ரேமின் ஸ்டிக்கர், மதர்போர்டின் மாடல் எண் இரண்டையும் செல்போனில் போட்டோ எடுத்துக்கோங்க. ரிச்சி ஸ்ட்ரீட் கடையோ, ஆன்லைனோ, அந்தப் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்க. பொருந்தவில்லை என்றால் மாற்றித் தருவார்களா என்பதையும் பில் போடும் முன்பே கேட்டுக்கோங்க.