சிக்கன் 65: எண்ணும் மாஸ்டரும்

சிக்கன் 65-க்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 65 மிளகாய் போட்டது, 65 துண்டாக நறுக்கியது, 65 நாள் வளர்ந்த கோழி, மிலிட்டரி கேன்டீன் மெனுவில் 65-ஆவது ஐட்டம்... 65 மிளகாயை அரைத்துப் போட்டால் யார் சாப்பிடுவது?

மவுண்ட் ரோட்டில் ஏ.எம்.புஹாரி 1951-ல் தொடங்கிய புஹாரி ஹோட்டல் சொல்வது ரொம்ப சிம்பிள்: 1965-ல் அறிமுகம். நான் இதை நம்பக் காரணம், அதே ஹோட்டலில் பின்னால் வந்த சிக்கன் 78, 82, 90. அவையும் வருஷங்கள்தான் என்கிறார்கள். விண்டோஸ் 95 மாதிரி வெர்ஷன் நம்பர்! பிறகு வந்த பெயர்களை முதல் பெயருக்காகப் பொருத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்கலாம்தான். ஆனாலும் மிளகாய்க் கணக்கை விட இது தேவலை.

எனக்கு உறுத்துவது வேறு. புகழ் முழுக்க முதலாளி பெயரில். அடுப்படியில் நின்றவர் பெயர் இந்தக் கதைகள் எதிலும் வருவதில்லை. ஆனால் பண்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது அவர்கள்தான் என்பது என் கணிப்பு. மாஸ்டர் கடை மாறினால் கைப்பக்குவமும் கூடவே போகும். அதைத் தடுக்க எந்தக் காப்புரிமையும் கிடையாது. இன்று திருப்பாச்சூர் வழியாகத் திருப்பதி போகிற ரோட்டிலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் விடுகிற நேரத்திலும் தள்ளுவண்டியில் 65 பொரிகிறது. காலிஃபிளவர் 65, காளான் 65 என்று கோழியே இல்லாமலும் வந்துவிட்டது. பொரிக்கிறவரை எல்லோரும் கூப்பிடுவது "மாஸ்டர்" என்றுதான்.