எலும்பு முனையும் இலை மாதிரியும்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் எஹலியகொட அமைந்துள்ளது. இறப்பர்த் தோட்டங்களும் மாணிக்கக் குழிகளும் அவ்வூருக்கு அடையாளம். சபரகமுவ என்னும் பெயரைச் ‘சபரர்’, அதாவது வேடர், என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவோர் உளர். பெயராராய்ச்சி எவ்வாறாயினும் ஆகுக. இம்மலைச்சாரல் வேட்டுவர் வாழ்ந்த நிலம் என்பதற்குக் குகைகளே சான்று பகர்கின்றன. எஹலியகொடவுக்கு அடுத்த குருவிற்றையின் அருகே பட்டதொம்பலென உள்ளது, கித்துல்கலையில் பெலிலென, களுத்துறை மாவட்டத்துப் புளத்சிங்களப் பகுதியில் பாஹியன்கல.

அடர்ந்த மழைக்காடு பழங்கால மனிதனுக்கு உணவளித்திராது என்று அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணி வந்தனர். காட்டிலே பெருவிலங்குகளைத் துரத்த இடமில்லை. குரங்கும் மலையணிலும் மரத்தின் உச்சியிலன்றோ வாழ்கின்றன? ஈட்டி அங்கே எட்டாது. எட்டும் கருவி ஒன்று வேண்டும். பாஹியன்கலவில் அகழ்ந்தெடுத்த எலும்பு முனைகளை ஆராய்ந்தோர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இவ்வினாவுக்கு விடை தந்தது. சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு அம்பு எய்யப்பட்டது என்பதே அம்முடிவு. முனைகள் ஈட்டிக்குப் பொருந்தாத அளவு சிறியவை. விரைந்து சென்று மோதியதால் உண்டான சிதைவுகள் அவற்றிலே காணப்பட்டன. ஆபிரிக்காவுக்கு வெளியே கிடைத்த மிகப் பழைய விற்சான்றுகளுள் இதுவும் ஒன்று.

அம்பின் அமைப்பிலே ஒரு கணக்கு உண்டு. தண்டு நேராக இராவிடின் குறி தவறும். நாண் உந்தும்போது தண்டு சற்றே வளைந்து நிமிரும். வில்லின் வலிமைக்கு அது மெலிந்தால் பக்கவாட்டில் விலகிப் பறக்கும். கனத்த முனை ஆழப் பாயும், ஆனால் விரைவில் தாழும். இலேசான முனையோ கிளைகளின் ஊடே விரைந்தேறும். சிறு குரங்குக்கு அதுவே போதும். இப்பகுதியில் எளிதிற் கிடைத்த படிகக்கல் சிறு சில்லுகளாகவே உடையும். எலும்போ நீண்டு, உறுதியாய், தேய்த்துக் கூராக்க ஏற்றதாய் இருந்தது. அம்முனைகளுட் பல குரங்கின் எலும்பாலேயே ஆனவை. இரையே அடுத்த வேட்டைக்கு ஆயுதமும் தந்தது! வேடன் எவரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை.

இரும்பு வந்தபின் நிலைமை மாறிற்று. பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவவில் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்ட பழைய உருக்குலைகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. மானையும் பன்றியையும் வீழ்த்த இரும்பு அலகுக்கு நிகரில்லை. ஆனால் அதனை வேடன் தானே வடிக்க இயலாது.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் ஒரு வழக்கத்தைக் குறித்துள்ளார். வேடர் இரவிலே கொல்லனின் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிடுவர். அதனோடு, வேண்டிய அம்பலகின் வடிவில் வெட்டிய இலையும் இருக்கும். கொல்லன் அம்மாதிரிப்படி செய்து கொடுத்தால் மீண்டும் இறைச்சி வரும். மறுத்தால் இரவிலே அம்பு வரும். இதனை வெறும் முரட்டுத்தனம் என்று தள்ளுவது நியாயமன்று. தன் உணவும் குடும்பமும் பிறனொருவனின் உலையை நம்பி நிற்பதை அறிந்தவனின் அச்சமும் அதில் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் அச்சம் வேறு திசையிலிருந்து வந்தது. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் 1937இல் பிறந்தது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது, தம்பானை வேடர் தலைமுறைகளாக வேட்டையாடிய காடு அதன் எல்லைக்குள் அடங்கிற்று. அம்பு அவர்கள் கையில் இருந்தது. எய்யும் உரிமை இல்லை.