தேய்ந்த செம்புக் காசுகள்

கொங்கு நாட்டு ரோமானிய நாணயங்கள் என்றதும் எல்லோரும் வெள்ளலூருக்கே போகிறார்கள். தொண்டாமுத்தூர் வட்டாரத்து மலைகளில் பிறக்கும் நொய்யல், பேரூரைக் கடந்து செல்லும் வழியில் உள்ள ஊர் அது. 1842இல் அங்கே 500க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன; அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. யவனர், மிளகு, பாலக்காட்டுக் கணவாய் என்று நம் பாடநூல்களும் அத்துடன் நின்றுவிடுகின்றன.

கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்தவர்களுக்குக் கிடைத்தவையோ வேறு வகை. சுண்டுவிரல் நகத்தளவுச் செம்புக் காசுகள், கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் அச்சிடப்பட்டவை. பெரும்பாலானவற்றில் முகம் அழிந்துவிட்டது. பின்புறம் குதிரையோடு சாயும் பகைவனை ஈட்டியால் குத்தும் வீரன் தெரிந்தால் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் காலம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். மாலைக்குள் சிலுவை இருந்தால் இன்னும் பிந்தியது.

இந்தக் காலக்கணக்குதான் முக்கியம். களப்பிரர் ஆட்சியால் தமிழகம் இருண்டது என்று நாம் ஒப்பித்துவந்த நூற்றாண்டுகள் இவை. அந்த இருளுக்குப் பெரிய சான்றாகக் காட்டப்படும் வேள்விக்குடிப் பட்டயமும் செம்புதான். தானமாகப் பெற்ற நிலத்தை இழந்தவர்களின் தரப்பைச் சொல்வது. காசு யார் தரப்பையும் பேசுவதில்லை. பொன்னையும் வெள்ளியையும் உலோக மதிப்புக்காகப் பானையில் இட்டுப் புதைக்கலாம். செல்லாத செம்பை இவ்வளவு தொலைவு யார் கொண்டுவருவார்? இத்தனை தேய்மானத்தில் ஒரு பங்கு ஆற்று மணலால் நேர்ந்திருக்கலாம். ஆனால் எல்லாம் மணலின் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. சந்தையில் பல கைகள் மாறியிருக்க வேண்டும். இலங்கையில் இதே வகைக் காசுகள் பெருமளவில் கிடைத்ததோடு, அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலியாகவும் வார்த்திருக்கிறார்கள். சில்லறைத் தட்டுப்பாடு அன்றும் இருந்தது போலும்.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைப் பற்றி மட்டுமே அரசுக்குத் தெரிவிக்கச் சொன்னது. பிடி செம்பை யார் பொருட்படுத்துவார்? அதைக் காப்பாற்றியவர்கள் தனிமனிதச் சேகரிப்பாளர்களே. 'தினமலர்' ஆசிரியராக இருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, கரூர், மதுரை உள்ளிட்ட இடங்களில் கிடைத்த பிற்கால ரோமானியச் செம்புக் காசுகளைப் பற்றி 1994இலேயே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

மணலில் பொறுக்கிய காசுக்கு மண்ணடுக்கு இல்லை. எந்தப் பானை ஓட்டோடு கிடந்தது என்று சொல்ல முடியாது. எஞ்சுவது கிடைத்த இடமும், எடையும், ஓரிரு எழுத்துகளும். கையில் வந்த உடனே புளியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்த எழுத்துகளும் போய்விடுகின்றன.