முத்துக்குளிப்போரும் மூச்சின் அளவும்

இராமநாதபுரக் கடற்கரையில், கீழக்கரைக்குத் தென்மேற்கே, வாலிநோக்கம் என்னும் ஊர் உள்ளது. ஒரு நாள் விடியற்காலையில் அவ்வூர் மணலில் நின்றிருந்தேன். கடற்பாசி எடுக்கும் பெண்கள் சிலர் தம் விரல்களில் கந்தைத் துணியைச் சுற்றிக் கொண்டிருந்தனர். பாறையின் கூர்மை விரலைக் கிழிக்காதிருக்கவே அந்தச் சுற்று. பின்னர்ப் படகேறிச் சென்றவர்கள், மூச்சை அடக்கி மூழ்கி மூழ்கிப் பாசி பறித்து, நண்பகல் கழிந்த பின்னரே கரை சேர்ந்தனர். அவர்களுள் வயது முதிர்ந்த ஒருவரை அணுகி, "இவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தால் உடம்பு கெடாதா, ஆத்தா?" என்று கேட்டேன். "கடலுக்குப் போகாத அன்னைக்குத்தான் தம்பி, கையும் காலும் நோவுது" என்றார் அவர்.

அந்த விடை என்னைப் பழைய வரலாற்றின் பக்கம் திருப்பிற்று. துன்பம் உடம்பை வளர்ப்பதும் உண்டா? உண்டெனில், எந்த அளவு வரையில்?

கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய 'எரித்திரியக் கடற்பயண நூல்', பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக்குளித்தனர் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவோ வேறொரு காட்சியைத் தீட்டுகிறார். வணிகர் கூலி பேசி ஆட்களை அமர்த்தினர். ஏப்ரல் தொடங்கி மே மாத நடுப்பகுதி வரையில்தான் குளிப்பு. அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறாமீனை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு! மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, மூழ்குவோனின் அச்சத்தைக் கட்டியிருக்கும். கடல் ஒன்றே, மூச்சடக்கமும் ஒன்றே. எனினும் முன்னவர்க்கு அது தண்டனை, பின்னவர்க்குத் தொழில்.

ஆங்கிலேயர் காலத்துச் சலாபங்களில் நிலவிய ஒரு வழக்கத்தை நான் பெரிதும் வியக்கிறேன். காலுக்கு எடை தரும் கல் ஒன்றுக்குக் குளிப்போர் இருவர். ஒருவர் கல்லோடு இறங்கிச் சிப்பி அள்ளி, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மேலே வருவார். மற்றவர் அதுவரை இளைப்பாறுவார். பின்னர் முறை மாறும். நண்பகல் அளவில் அன்றைய வேலை முடியும். உடல் நூல் எதுவும் கல்லாத மக்கள், உழைப்போடு ஓய்வையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தனர்.

முகம் நீரில் அமிழ்ந்து மூச்சு நின்றவுடன் இதயத்தின் துடிப்பு மெல்லத் தணிகிறது. கைகால்களுக்குச் செல்லும் குருதி குறைந்து, மூளையும் இதயமும் காக்கப்படுகின்றன. மண்ணீரல் சுருங்கித் தன்னிடமுள்ள சிவப்பணுக்களைக் குருதியில் சேர்க்கிறது. நெருக்கடி வந்தால்தான் இவ்வேற்பாடுகள் விழித்தெழுகின்றன.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் நம்மவரைப் போலவே மூச்சடக்கி மூழ்கும் கொரிய நாட்டுப் பெண்கள். பதினோரு பன்னிரண்டு வயதில் ஆழமற்ற நீரில் பழகத் தொடங்கும் இவர்கள், மெல்லிய பருத்தியாடையோடு குளிர்காலத்திலும் கடலில் இறங்கினர். 1960-களில் சுக் கி ஹாங் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இவர்களை ஆராய்ந்தனர். குளிர்காலத்தில் இப்பெண்களின் உடல், ஓய்விலும் மிகுதியான வெப்பத்தை உண்டாக்கிற்று. பிறர் நடுங்கும் குளிரில் இவர்கள் நடுங்கவில்லை. 1977-இல் குளிர் தடுக்கும் ரப்பர் உடை வந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த ஆற்றல் மறைந்துவிட்டது.

அதற்காக அந்த உடையை நான் பழிக்கமாட்டேன். வயிற்றுக்காக உறைகடலில் இறங்குபவளிடம் 'குளிர் நல்லது' என்று கரையில் நின்று கூறுவது எளிது. அளவு கடந்தால் கடல் பொறுப்பதுமில்லை. தூத்துக்குடிப் பக்கத்தில் காற்றுக்குழாயின் துணையால் நெடுநேரம் ஆழத்தில் தங்கிச் சங்கெடுத்தவர்களுள், விரைந்து மேலே வந்ததால் மூட்டுவலியும் முடக்கமும் உற்றவர் உண்டு. மூச்சை மட்டும் நம்பிய காலத்தில், மூச்சே அவர்களை மேலே அழைத்து வந்துகொண்டிருந்தது.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. பாசியெடுப்பு இன்றும் நடைபெறுகிறது. பாம்பன் பக்கத்துப் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாட்களே கடலுக்குச் செல்வதென்று தமக்குள் ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டனர். பாசி மீண்டும் வளர்வதற்காகச் செய்த ஏற்பாடு அது; பறிப்போரின் உடம்பும் அந்த நாட்களில் இளைப்பாறுகிறது.