கேமரன் மலையும் கவ்வாத்துக் கத்தியும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குச் செல்வோர் முதலில் வியப்பது தேயிலைச் சரிவுகளின் ஒழுங்கையே. அப்பசுமையை இயற்கை அன்னையின் கொடை என்றே பலரும் எழுதிச் செல்கின்றனர். வரலாற்றை நோக்குமிடத்து இக்கூற்று பொருந்தாது என்பது விளங்கும்.

1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய வந்தார். செமாய், தெமியார் முதலிய பழங்குடியினர் அதற்கு நெடுங்காலம் முன்பே இங்கு வாழ்ந்தவர்கள். ஆயினும் வந்தவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. 1925-இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் இம்மலையைக் கண்டு, இது கோடை வாழிடமாதற்கு உரியது எனக் கருதினார். 1929-இல் ஜே. ஏ. ரசல் 'போ' தோட்டத்தைத் தோற்றுவித்தார். காட்டை அழித்துச் சரிவுகளைத் திருத்திய கைகளுள் தமிழர் கைகள் பல.

தேயிலை, விட்டால் மரமாக வளரும் இயல்புடையது. இடுப்பளவில் அதனை நிறுத்துவது கத்தி. அவ்வாறு வெட்டித் திருத்துவதைத் தோட்டத் தமிழில் 'கவ்வாத்து' என்பர். கவ்வாத்தும் கொழுந்து கிள்ளுதலும் நின்றுபோனால், நாம் வியக்கும் சரிவு சில ஆண்டுகளில் புதராகிவிடும். ஆகவே, நாம் காண்பது இயற்கைக் காட்சி அன்று; உழைப்பின் காட்சி.

இதனோடு ஜப்பானை ஒப்பிட்டுக் காணலாம். கியோத்தோவுக்குத் தெற்கேயுள்ள ஊஜி, தேயிலைக்குப் பேர்பெற்ற ஊர். 1053-இல் எழுந்த பியோதோயின் கோயிலின் பீனிக்ஸ் மண்டபத்தைக் காணவும் அங்கே பயணிகள் திரள்கின்றனர். சீனத்திலிருந்து 1191-இல் தேயிலை விதை கொணர்ந்தவராகக் கூறப்படும் துறவி எய்சாய், தேநீர்க் கலையைச் செம்மைப்படுத்திய சென் நோ ரிக்கியூ (1522–1591) ஆகியோரை அந்நாடு போற்றுகிறது. அங்கே துறவியின் பெயரும் ஆசானின் பெயரும் நின்றன. இங்கே அளவையாளர் பெயரும் முதலாளி பெயரும் நின்றன. கொழுந்து கிள்ளியவள் பெயர் ஈரிடத்தும் இல்லை.

ஜப்பானோடு நமக்கு மற்றுமொரு தொடர்பும் உண்டு. 1942–43-இல் ஜப்பானியப் படை அமைத்த சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். இன்றோ, ஓய்வுபெற்ற ஜப்பானிய முதியோர் பலர் குளிர்ச்சியை நாடிக் கேமரன் மலைக்கு வந்து நெடுநாள் தங்கிச் செல்கின்றனர். அவர்கள்மேல் நமக்குப் பகையில்லை. ஆனால், வருவோர்க்குச் சொல்ல வேண்டிய கதையை நாமே மறந்துவிடலாமா?

சொல் ஒன்றும் இங்கே சான்று பகரும். சீனத்தின் ஹொக்கியன் வழக்காகிய 'தே' என்பதே மலாயில் 'தே' எனவும், தமிழில் இலையோடு சேர்ந்து 'தேயிலை' எனவும் வழங்குகிறது. பிற சீன வழக்குகளின் 'சா' ஜப்பானியத்திலும் நம் 'சாயா'விலும் உள்ளது. கடந்து வந்த வழியைச் சொற்கள் மறப்பதில்லை.

இன்று தோட்டங்களில் இயந்திரம் கொழுந்து வெட்டுகிறது. வங்காளதேசம், நேபாளம் முதலிய நாட்டுத் தொழிலாளரும் உழைக்கின்றனர். கவ்வாத்து, கொழுந்து, கங்காணி முதலிய சொற்கள் முதியோர் நாவில் மட்டும் எஞ்சும் காலம் நெருங்குகிறது. மலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் தமிழாசிரியர்கள், காட்சி மேடையில் நின்று திரும்பாமல், தோட்டத்து முதியவர் ஒருவரிடம் அரைமணி நேரம் அமரச் செய்வாராக. அவர் சொல்வதை மாணவர் எழுதிக்கொள்ளட்டும். அதுவே அம்மலையில் காணத்தக்க இடங்களுள் தலையாயது.