உறியும் நாதாங்கியும், ஒரு பால்பாயிண்ட் பேனாவும்

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம். துவாக்குடி வீட்டுல எல்லாரும் சாப்பிட்டுட்டு அசந்து கிடக்குற நேரம். பேத்தி மட்டும் சத்தமே இல்லாம இருந்தா. குழந்தை இருக்குற வீட்டுல சத்தம் வந்தா பயமில்லை மக்களே, நின்னு போச்சுன்னாதான் ஓடிப்போய்ப் பாக்கணும்! போய்ப் பாத்தா... அம்மணி ப்ளக் பாயிண்ட் முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்து, மேல் ஓட்டையில பால்பாயிண்ட் பேனாவை விட்டு அமுக்கிக்கிட்டு இருக்கா. வயசு ரெண்டேகால்.

"என்னடா கண்ணு பண்றே?"

"தாத்தா மாதி." (தாத்தா மாதிரியாம்!)

அப்பதான் உறைச்சுது. ரெண்டு பின் சார்ஜர் உள்ளே போகலேன்னா மேல் ஓட்டையில பேனாவை விட்டு நெம்புறது யாரு? சாட்சாத் நானேதான். தங்கமணி பாத்த பார்வை இருக்கே, அதை எழுத நமக்குத் திராணி இல்லை. அன்னிக்கு சாயங்காலமே வீட்டைக் குழந்தைக்குத் தகுந்தபடி மாத்துற வேலை என் தலையில விழுந்தது. கையில ஸ்க்ரூ டிரைவர், மனசுல கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சாச்சு.

எங்க பாட்டி வீடு ஸ்ரீரங்கத்துல. அந்த வீட்டுல ப்ளக் பாயிண்டே கிடையாது, ஆனா ஆபத்துக்குக் குறைச்சல் இல்லை. விறகடுப்பு, அரிவாள்மணை, கொல்லையில கிணறு. அதுக்குத் தகுந்த ஏற்பாடும் இருந்தது. தவழுற குழந்தை தாண்ட முடியாத உசரத்துல வாசப்படி. கொல்லைக் கதவுக்கு நாதாங்கி மேலே, பெரியவங்க கைக்கு மட்டும் எட்டுற இடத்துல. கிணத்தைச் சுத்தி இடுப்பளவு கைப்பிடிச் சுவர். உத்தரத்துல உறி. பாலும் வெண்ணெயும் அதுல தொங்கும். பூனைக்கும் எட்டாது, பொடிசுக்கும் எட்டாது.

எட்டாதா? அதுக்குத்தான் நம்மாளு ஒருத்தர் இருக்காரே! உறியை எட்டுறதுக்கு என்னென்ன வழி உண்டுன்னு கண்ணன் கதையில எல்லாமே வந்துடுச்சு. உரலைக் கவுத்துப் போட்டு ஏறுறது, கூட்டாளி தோள்ல ஏறுறது, கல்லெறிஞ்சு பானையை உடைக்கிறது. யசோதை பொறுக்க முடியாம உரலோட கட்டிப்போட்டா, உரலையே இழுத்துக்கிட்டுப் போயிட்டான். தாமோதரன்ங்கிற பேரே வயித்துல கயிறு கட்டினதால வந்ததுதான். பெரியாழ்வார் அந்தக் குழந்தையோட ஒவ்வொரு பருவத்தையும், தாலாட்டு, செங்கீரை, சப்பாணி, தளர்நடைன்னு ஒரு தாயா நின்னு பாடியிருக்கார். ஸ்ரீரங்கம் கோயில்ல ஸ்ரீஜெயந்தி சமயத்துல உறியடி நடக்கும்போதெல்லாம் எனக்குத் தோணும்: தோத்துப்போன ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை நாம வருஷா வருஷம் கொண்டாடுறோம்!

சரி, ப்ளக் பாயிண்டுக்கு வருவோம். உள்ளே இருக்குற அந்தக் குட்டிக் கதவு சும்மா வந்துடலை. இரண்டாம் உலகப்போர் நடந்துகிட்டிருக்கும்போதே, போருக்கப்புறம் கட்டப்போற வீடுகளுக்கு மின்சார ஏற்பாடு எப்படி இருக்கணும்னு யோசிக்க இங்கிலாந்துல ஒரு குழு போட்டாங்க. அதுல இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். 1944ல வந்த அறிக்கையில சின்னக் குழந்தைகளோட பாதுகாப்பும் ஒரு நிபந்தனை. 1947ல வந்த அவங்க தரநிர்ணயத்துல, நீளமான எர்த் பின் முதல்ல போய் மத்த ரெண்டு ஓட்டையோட கதவையும் திறக்கும். நம்ம ஊர் உருண்டை பின் சாக்கெட்ல வர்ற கதவும் அதே தத்துவம்தான். அவ்வளவு பேர் யோசிச்சு வச்சதை, ஒரு மூணு ரூபா பேனாவால நான் திறந்து, எப்படித் திறக்கணும்னு குழந்தைக்குப் பாடமும் எடுத்திருக்கேன்.

மருந்து பாட்டில் மூடி கதையும் இப்படித்தான். குழந்தைங்க மாத்திரையை முழுங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றதைப் பாத்துப் பாத்து மனசு வெறுத்த கனடா டாக்டர் ஹென்றி ப்ரோ, 1967ல அமுக்கித் திருப்பினாத்தான் திறக்குற மூடியைக் கொண்டு வந்தார். 1970ல அமெரிக்கா சட்டமே போட்டுது. அந்த மூடி வீட்டுல இருந்தா மட்டும் போதுமா? "திறக்கக் கஷ்டமா இருக்கு"ன்னு மாத்திரையை எல்லாம் ஒரு டப்பாவுல கொட்டி வச்சிருக்கேன் நான்.

இதை எழுதும்போது 2019 தீபாவளி ஞாபகம் வராம இருக்காது. நம்ம திருச்சி மாவட்டம், மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டி. அக்டோபர் 25 சாயங்காலம், வீட்டுப் பக்கத்துல விளையாடிக்கிட்டிருந்த ரெண்டு வயசுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணத்துல விழுந்துடுச்சு. முதல்ல 26 அடியில இருந்தது, அப்புறம் 88 அடிக்கு நழுவிப் போயிடுச்சு. பக்கத்துலயே இன்னொரு குழி தோண்டினாங்க, பாறை விடலை. 27ஆம் தேதி தீபாவளி. எங்க தெருவுல வெடிச் சத்தமே கம்மி, எல்லாரும் டிவி முன்னாடிதான். 29ஆம் தேதி விடியக்காலம் உடலைத்தான் எடுக்க முடிஞ்சுது.

வேண்டாத கிணத்தை அடியிலேருந்து தரை மட்டம் வரைக்கும் மண்ணும் கல்லும் போட்டு மூடணும், மத்ததுக்கு இரும்பு மூடி போட்டு இறுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2010லயே சொல்லிடுச்சு. ஏற்பாடு தெரியாம இல்லை. பாட்டி காலத்துக் கிணறு வாயைப் பொளந்துக்கிட்டுக் கண்ணுக்குத் தெரிஞ்சுது, சுவர் கட்டினாங்க. ஒரு சாண் அகல ஓட்டைக்குள்ள ஒரு குழந்தை போகும்னு பெரியவங்க கண்ணுக்குத் தெரியலை. அதைப் பாக்கணும்னா ரெண்டடி உசரத்துலேருந்து பாக்கணும்.

அதனால மறுநாள் காலையில நானும் தவழ்ந்தேன். (முட்டி வலி தனிக்கதை. தங்கமணி சிரிச்சது இன்னொரு தனிக்கதை.) ஹால், சமையல்கட்டு, வாசல். கட்டிலுக்கு அடியில கொசுவத்தி மெஷின் ஒயர் கையில மாட்டுது. ஸிங்க்குக்குக் கீழே பினாயில் பாட்டில் நேரா மூக்குக்கு முன்னாடி. வாசல்ல தண்ணித் தொட்டியோட தகர மூடி... ஒத்தை விரலால நகர்த்தினேன், நகர்ந்துடுச்சு. பத்து வருஷமா அதை மிதிச்சுத் தாண்டித்தான் பால் வாங்கப் போறேன்.

மூடிக்குக் கொண்டி வச்சுப் பூட்டுப் போட்டாச்சு. மாத்திரை டப்பா அலமாரி மேல்தட்டுக்குப் போயாச்சு. பேனா நெம்புறதை விட்டுட்டு மூணு பின் அடாப்டர் ஒண்ணு வாங்கியாச்சு.

பேத்தி நேத்திக்கு அந்தப் பூட்டையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் என் சட்டைப்பையைப் பாத்தா. சாவி அங்கதான் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு போல. இடத்தை மாத்தணும்.